காது இரைச்சல்

முஹைதீன் வீட்டில் மூன்று வாரமாக வெள்ளைப்பூண்டு இல்லை. நோன்பு மாதத்தில் பூண்டு போடாமல் கஞ்சி காய்ச்சிய வீடு மடவளையில் அது ஒன்றாகத்தான் இருக்கும். பூண்டு மணம் மருந்தைக் கெடுக்குமாம். கோப்பி கெடுக்குமாம். சாம்பிராணிப் புகை போட்டால் பெட்டியிலிருக்கும் நாற்பது சீசாவும் ஒரேயடியாகச் செத்துப்போகுமாம்.

அந்தப் பெட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்கத்தாவிலிருந்து தபாலில் வந்த மரப்பெட்டி. சுண்டுவிரல் உயரத்தில் வரிசையாகச் சீசாக்கள், அவற்றுக்குள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சீனிக் குளிகைகள். ஹோமியோபதி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் துணிக்கடை வைத்திருக்கும் முஹைதீன், நோன்புக்குப் பத்து நாள் முந்திக் காய்ச்சலில் விழுந்தார். நாலாம் நாள் எழுந்தார். எழுந்தவர் வைத்தியராக எழுந்தார்.

உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், நாம் வழிவிட்டால் போதும் என்பது அவருடைய கட்சி. விடிய எழுந்து வெந்நீர், ஆற்றில் குளிப்பு, இறைச்சி தவிர்த்தல், நோன்பு, மேலே ஐந்து குளிகை. இதைச் செய்தால் உள்ளே சேர்ந்த நஞ்செல்லாம் தானாக வெளியேறிவிடும்.

வெந்நீரிலும் குளிப்பிலும் யாருக்கும் கோபமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் அது மழை பொய்த்த வருஷம். மகாவலி குட்டை குட்டையாய்த் தேங்கி நுளம்பு பெருகி, கண்டியைச் சுற்றிலும் வீட்டுக்கு இரண்டு பேர் மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். அரசாங்கம் அதற்கு மருந்தாகச் சும்மா ஊற்றிக் கொடுத்த குயினைன் கரைசலை, ஊரார் சொல்லும் கொய்னாத் தண்ணீரை, 'நஞ்சு' என்று சொல்லி, வாங்கப் போனவர்களை இவர் திருப்பி அனுப்பினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வண்டிக்கார ஹபீலைப் பள்ளிவாசல் முடுக்கில் மறித்துத் திருப்பியதும், காய்ச்சலில் இறந்த அவனுடைய ஐந்து வயது மகளைப் போன வெள்ளிக்கிழமை அடக்கியதும் சென்ற வாரம் நாம் பார்த்தது. "பிந்திட்டான். நஞ்சு கூடிப்போச்சு" என்று அடக்கிவிட்டு வரும் வழியில் முஹைதீன் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

இப்போது அதே காய்ச்சல் அவருடைய மகளுக்கே வந்திருக்கிறது.

*

வியாழக்கிழமை. சுபஹுத் தொழுகை முடித்து வந்த முஹைதீன், பாயில் கிடந்த பஸீஹாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒன்பது வயதுப் பிள்ளை. இடது விலாவுக்குக் கீழே கட்டியாய்க் கையில் தட்டியது.

"நேத்து நல்லாத்தானே ஓடி வெளையாடின?" என்றார்.

"நேத்து விட்ட நாள்," என்றாள் அவர் மனைவி அனீஸா. "இன்டைக்கு வார நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகுது. நாலு தரம் வந்திட்டு."

"குறைஞ்சுதானே வருகுது?"

"கூடித்தான் வருகுது. புள்ளட மொகத்தப் பாருங்க, மஞ்சள் பூசின மாதிரி ஈக்கிது."

முஹைதீன் முகத்தைப் பார்க்கவில்லை. காய்ச்சல் விட்ட நாளில் மருந்து வேலை செய்கிறது என்பார். வந்த நாளில் நஞ்சு வெளியேறுகிறது என்பார். அப்படிப்பட்ட மருந்து எந்த நாளில்தான் தோற்கும்?

"இஸ்கூல்ல இன்டைக்கு அரசாங்க மருந்து ஊத்துற அப்போத்திக்கரி வார. ஒரு போத்தல் கொய்னா வாங்கிக் குடுப்போமே. ஒங்களுக்கு வேணாம், புள்ளைக்கு."

"அனீஸா! அந்த நஞ்சு என்ட வாசப்படி ஏறினா நான் எறங்கிப் போயிருவேன்."

இறங்குங்க என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"என்னயப் பாரு," என்று அவர் தொடர்ந்தார். குரலில் கனிவு வந்தது. தம்மைப் பற்றிப் பேசும்போது அவருக்கு எப்போதும் கனிவு வரும். "எனக்கும் இதே காய்ச்சதானே? மூணாம் நாள் ரெண்டு காதும் இரைஞ்சிச்சு. வண்டு பூந்த மாதிரி. அதுதான் அடையாளம். தலைக்குள்ள ஈந்த நஞ்செல்லாம் காதால எறங்குது. பஸீஹாக்கும் காது இரையணும். இரைஞ்சா சுகம்தான்."

குளிகையைக் கையால் தொடாமல் காகிதத்தில் கொட்டி மகளின் வாயில் போட வந்தார். பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

"நான் நோன்பு, வாப்பா."

"ஆ, மறந்திட்டேன். நோன்பு திறந்த பொறகு போடுவோம். நல்ல புள்ள. நோன்பே பாதி மருந்து."

சுகமில்லாதவர்களுக்கு மார்க்கமே நோன்பை விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. அனீஸா கையிலிருந்த செம்பைத் தரையில் ஓங்கி வைத்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

*

பால் கொண்டு வந்த ராக்கம்மா பின்வாசலில் நின்றாள். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்துகொண்டு இரண்டு மாடு வைத்துப் பால் விற்கிறவள்.

"பாப்பாவுக்கு இன்னுமா வுடல? தோட்டத்துல எங்களையெல்லாம் காலைல வேலைக்குப் பேரு போடுற பெரட்டுல நிக்கையிலேயே வரிசையா நிப்பாட்டி கொய்னா ஊத்துறாங்கம்மா. கசப்பு கொடலப் பொரட்டும். முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டணும், இல்லேன்னா அன்னைக்குப் பேரு கெடையாது, கூலியும் கெடையாது. வேல வாங்குற கண்டாக்கு ஐயாவ நாங்க திட்டாத திட்டு இல்ல. ஆனா எங்க லயத்துல ஒரு புள்ளையும் சாகலம்மா."

அனீஸா பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ராக்கம்மா, இஸ்கூல் வரைக்கும் என்னோட வருவியா?"

"நீங்களா? நடந்தா?"

பெருநாளுக்குக்கூடத் திரை கட்டிய வண்டியில் போகிறவள் அனீஸா. பகலில், ஆண்கள் நிற்கும் வரிசைக்கு, நடந்து போனால் ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

"நடந்துதான். ஊரு பேசினா பேசட்டும். பேசுற ஊரு என்ட புள்ளைக்குக் காய்ச்ச நிப்பாட்டித் தருமா?"

"வாங்க, போவோம்," என்றாள் ராக்கம்மா.

கொய்னாவுக்குப் போத்தல் நாமே கொண்டுபோக வேண்டும். அடுப்படி இறாக்கையில் கழுவிக் கவிழ்த்த வெற்றுப் போத்தல்கள் இருந்தன. கைக்கு எட்டியதை எடுத்தாள்.

"அத வைங்க மச்சி," என்று பதறி ஓடி வந்தாள் கைரியா. முஹைதீனின் தங்கை, புருஷன் கொழும்பில் வேலை என்பதால் இங்கேயே இருக்கிறாள். "வேற போத்தல் தாரேன். அது... அது எண்ணெப் போத்தல்."

முகர்ந்து பார்த்தாள் அனீஸா. எண்ணெய் மணமில்லை. நானா என்று அழைக்கும் அண்ணனின் சொல்லுக்கு மறுசொல் பேசாத தங்கை. தன்னைத் தடுத்து வைக்கத்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒங்கட நானாக்குச் செல்லணும்டா போய்ச் செல்லு. பஸ்ஸு ஒன்பது மணிக்கும் ஈக்கிது."

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தில் பாதியை மூடிக்கொண்டு இறங்கினாள். முன்னே பால் வாளியோடு ராக்கம்மா.

*

பள்ளிக்கூடத்து விறாந்தையில் ஒரு மேசை, ஒரு கதிரை, இரண்டு பெரிய ஜாடிகள். அப்போத்திக்கரி திருச்செல்வம் யாழ்ப்பாணத்து ஆள். திங்களும் வியாழனும் மடவளை, மற்ற நாட்களில் கட்டுகஸ்தோட்டை. ஒரு மாதமாகத் தூக்கமில்லாத கண்கள்.

வரிசை ஒதுங்கி வழிவிட்டது. வழிவிட்டவர்களின் பார்வை முதுகில் ஊசியாய் ஏறியதை அனீஸா உணர்ந்தாள். அது யாருடைய மனைவி என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஆருக்கு?" என்றார் திருச்செல்வம்.

"மகளுக்கு. ஒன்பது வயசு. நாலு தரம் வந்திட்டு."

"நாலு தரமோ? இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

அவள் போத்தலை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை பாதி உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்து அளவுக்காக ஓரத்தில் படிபடியாக வெட்டிய பட்டை.

"இது நான் வெட்டின கடுதாசியெல்லோ," என்றார். "ஆறு வெட்டு. பெரியாக்களுக்குத்தான் ஆறு. பிள்ளைக்குப் பன்னிரண்டு வெட்டோணும், பொறுங்கோ, வேற ஒட்டித் தாறன். உங்கட வீட்டில ஆர் முந்திக் கொய்னா குடிச்சது?"

"எங்கட வீட்டில யாரும் குடிக்க இல்ல."

"குடிச்சிருக்கினம் தங்கச்சி. என்ர கத்திரிக்கோல் வெட்டு எனக்குத் தெரியாதே? கட்டுகஸ்தோட்டையில வாங்கியிருப்பினம்."

அவர் பழைய பட்டையைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டினார். ஜாடியிலிருந்து ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"போன உடன ஒரு வெட்டு குடுங்கோ. மத்தியானம் ஒண்டு. நோன்பெண்டு வைச்சிருக்காதைங்கோ. இண்டைக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும், நாளையிண்டைக்குப் பாருங்கோ. வாய் கசக்கும். காது இரையும். அதுக்குப் பயப்பிட வேண்டாம். கொய்னா உடம்பில ஏறினால் காது இரையும்."

அனீஸாவின் கை போத்தலை வாங்க நீண்டது, அப்படியே நின்றது.

"என்ன இரையும்?"

"காது. வண்டு இரையிற மாதிரி. எல்லாருக்குமில்லை, கனபேருக்கு."

அனீஸா போத்தலைப் பறித்ததுபோல் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

*

வீட்டுக்குத் திரும்பி வந்த நடையை நடை என்று சொல்ல முடியாது. ராக்கம்மா வாளியோடு பின்னால் ஓட வேண்டியிருந்தது.

முதலில் பிள்ளை. "நோன்பு, உம்மா" என்று அழுத வாயைத் திறந்து ஒரு வெட்டு ஊற்றி, சர்க்கரைத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்தாள். அதன் பிறகு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கைரியா. இந்தப் போத்தல்ல கொய்னா குடிச்ச யாரு?"

கைரியா அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"மச்சி..."

"யாரு?"

"நானாதான்." குரல் காற்றாய் வந்தது. "ரெண்டாம் நாள் நடுக்கம் வந்தப்ப பயந்திட்டாங்க. மௌத்தாகிருவேன்னு அழுதாங்க மச்சி, நான் கண்ணால பாத்தேன். நீங்க அப்ப ஒங்கட உம்மா வீட்டில. அடுத்த நாளே கட்டுகஸ்தோட்டையில வாங்கிக் குடிச்சாங்க. ஒங்களுக்குச் செல்லக் கூடாதுன்னு என்னத் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ண வச்சாங்க."

"பொறகு?"

"பொறகுதான் குளிகை. கொய்னா நஞ்சாம், அதக் கழுவத்தான் குளிகை போட்டாங்களாம். கழுவினதாலதான் சுகமாம்."

அனீஸா சிரித்தாள். கைரியாவுக்கு அந்தச் சிரிப்பு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

"சுகமாக்கினது நஞ்சு. பேரு குளிகைக்கு. அந்தப் பேர நம்பி நான் எட்டு நாளா என்ட புள்ளட வாயில சீனி போட்டீக்கிறேன்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள் கைரியா. அதற்குள் உள்ளே பஸீஹா பற்கள் கிட்டிக்க நடுங்கத் தொடங்கியிருந்தாள். அனீஸா ஓடினாள்.

ஐந்தாம் தரம். மூன்று போர்வை போட்டும் உடம்பு கிடுகிடுத்தது. மத்தியானம் நெருப்பாய்க் கொதித்தபோது இரண்டாவது வெட்டையும் ஊற்றினாள். பிள்ளை வாந்தி எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று துஆக் கேட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். லுஹர் தொழுகை நேரம் கழிந்து வெகுநேரத்துக்குப் பிறகு வேர்த்தது. பஸீஹா கண்ணயர்ந்தாள்.

அந்த அமைதியில் அனீஸா ஒரு முடிவுக்கு வந்தாள். நோன்பு திறந்து, தொழுது, வீட்டில் வேறு ஆளில்லாத நேரத்தில் முஹைதீனிடம் கேட்பது. அறைக்குள், மெதுவாகக் கேட்பது. என்ன இருந்தாலும் புருஷன். பயந்த மனுஷன். பயம் குற்றமில்லை. ஊர் முன்னால் அவரை நிறுத்த வேண்டாம்.

இந்த முடிவை அவள் எடுத்தாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊரார் அவளைப் பற்றி எத்தனையோ சொல்லப்போகிறார்கள்.

*

அஸர் தொழுகைக்குப் பிறகு, பொழுது சாயும் நேரத்தில், வீட்டு முற்றத்தில் இருபது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். வழக்கமான கூட்டம்தான். நோன்பு திறந்ததும் வாயில் போட்டுக்கொள்ள ஆளுக்கு ஐந்து குளிகை. விறாந்தையில் மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முஹைதீன் பேசிக்கொண்டிருந்தார். தொழுகைக்குப் போவதுபோல் உடை, அத்தர் மட்டும் இல்லை. அத்தரும் மருந்தைக் கெடுக்கும்.

கூட்டத்தின் ஓரத்தில் மாமரத்தில் சாய்ந்தபடி ஹபீல் நின்றான். மகளை அடக்கி ஆறு நாள். இப்போது அவன் மனைவி பாயிஸாவுக்குக் காய்ச்சல். வேறு போக்கிடம் தெரியாமல் அவன் அதே முற்றத்துக்கு வந்திருந்தான்.

கதவில் தொங்கிய திரைக்குப் பின்னால் அனீஸா நின்றாள். பக்கத்தில் கைரியா.

"பொறுமை வேணும்," என்றார் முஹைதீன். "கொய்னா காய்ச்ச உள்ளுக்கு அமுக்கி வைக்கும். அமுக்கினது ஒரு நாள் வெடிக்கும். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்ல. என்னப் பாருங்க. காது இரைஞ்சிச்சு, கழிவு எறங்கிச்சு, எழும்பிட்டேன்."

ஒரு சொட்டுத் தொட்டதில்லை! அனீஸா திரைத்துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அறைக்குள், மெதுவாக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் பஸீஹா எழுந்து வந்தாள். போர்வை தரையில் இழுபட, திரையை விலக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்து, வாப்பாவின் தோளைப் பிடித்தாள்.

"வாப்பா, என்ட காதும் இரையுது."

முஹைதீனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"கேட்டீங்களா?" பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார். "கேட்டீங்களா எல்லாரும்? காலைலதான் செல்லிட்டுப் போனேன், காது இரையும்னு. குளிகை வேலை செய்யுது! அல்ஹம்துலில்லாஹ்! இனிக் கொய்னா கொய்னான்னு யாரும் என் முன்னால பேசக் கூடாது!"

முற்றத்தில் சந்தோஷச் சலசலப்பு. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹபீல் மரத்தை விட்டு ஓரடி முன்னே வந்தான்.

"அது கொய்னா."

திரைக்குப் பின்னாலிருந்து பெண் குரல். அந்த முற்றத்தில் அதுவரை எந்த ஆணும் கேட்டிராத குரல்.

"அனீஸா, உள்ளுக்குப் போ," என்றார் முஹைதீன்.

"புள்ளைக்கு நான் ரெண்டு வெட்டு கொய்னா ஊத்தினேன். இஸ்கூலுக்கு நடந்து போய் வாங்கி வந்தேன், இங்க நிக்கிற சில பேர் பாத்தும் ஈக்கிறாங்க. கொய்னா குடிச்சாத்தான் காது இரையும்னு அப்போத்திக்கரி செல்லினார். சீனி தின்டா இரையாது."

"பொய்! புத்தி பேதலிச்சுப் பேசுறா..."

"அப்ப ஒங்கட காது எப்படி இரைஞ்சிச்சு?"

திரைக்கு வெளியே ஒரு கை வந்தது. கையில் போத்தல்.

"இந்தப் போத்தல்லதான் குடிச்சீங்க. குடிச்சது குத்தமில்ல. ஒங்கட எடத்துல நான் ஈந்தாலும் குடிச்சீப்பேன். குடிச்சுப்போட்டு இத்தன பேருக்கு வேணாம்னு சென்னீங்களே, அது என்ன? ஒங்கட உசிருக்குக் கொய்னா, எங்கட புள்ளைகளுக்குச் சீனியா?"

முஹைதீன் எழுந்தார். பெட்டி சரிந்து சீசாக்கள் விறாந்தையில் உருண்டன. எடுக்க யாரும் குனியவில்லை.

"நான்... அது ஆரம்பத்தில... பயத்தில கொஞ்சம். குளிகைதான் பொறகு எல்லாத்தையும் கழுவி..."

"நானா." ஹபீல் விறாந்தைப் படியில் ஏறி நின்றான். கோபப்பட்டுப் பேசத் தெரியாதவன். அப்போதும் அவன் குரல் உயரவில்லை. "ஒன்டு மட்டும் செல்லுங்க. போன கிழமை கொய்னா வாங்கப் போன என்னப் பள்ளி முடுக்கில மறிச்சுத் திருப்பினீங்களே. என்ட போத்தல நீங்கதான் வாங்கிக் கீழ வச்சீங்க. அன்டைக்கு இந்தப் போத்தல் ஒங்கட வீட்டில ஈந்ததா?"

"வெறும் போத்தல்," என்றார் முஹைதீன். "வெறும் போத்தல்தான் ஹபீல்."

"வெறும் போத்தல் இல்ல."

இந்தக் குரல் அனீஸாவுடையதல்ல. அனீஸாவே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கைரியா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு வெளுத்திருந்தது.

"பாதி மருந்து ஈந்தது. திரும்பக் காய்ச்ச வந்தா வேணும்னு நானா வைக்கச் சென்னாங்க. ஒங்கட புள்ளய அடக்கிட்டு வந்த அன்டைக்குத்தான் கொட்டச் சென்னாங்க. வாழையடியில நான்தான் கொட்டினேன். மூணு வெட்டு ஈந்தது."

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நோன்பு திறக்கும் நேரம். முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. ஹபீல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மெதுவாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, முஹைதீனை நோக்கி அடுத்த படியில் ஏறினான்.